கண்டிப்பா என்று சொன்னது நான்

அவர் தட்டைக் கழுவுவதைப் பார்க்க நாங்கள் கேன்டீனில் முண்டியடித்துக்கொண்டு நிற்போம். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில், மைசூரில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திய ஒரு கோடீஸ்வரர் மாதம் ஒரு முறை எங்கள் தொழிற்சாலைக்கு வந்து, எங்களோடு வரிசையில் நின்று, அதே தண்ணிச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு, எழுந்து போய்க் குழாயில் தன் தட்டைத் தானே கழுவி வைத்தால் யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். நானும் பார்த்தேன். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. போர்டில் சால்டரிங் வைப்பது என் வேலை. பச்சைத் தகட்டில் குட்டிக் குட்டியான சாமான்களைச் செருகி, ஈயத்தை உருக்கி ஒட்டவேண்டும். புகை நேராகக் கண்ணில் ஏறும். இருந்தாலும் 'கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை' என்று சொல்லிக்கொள்ளும்போது ஒரு கர்வம் வரும் பாருங்கள், அதற்காக எவ்வளவு புகையையும் தாங்கலாம்.

ஊரே அவரைக் கொண்டாடியது. ஒற்றை அறையில் ஆரம்பித்து வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும் அளவுக்கு வந்தவர் என்று பேப்பரில் அடிக்கடி போடுவார்கள். பக்கத்து வீட்டு மேஸ்திரி மாமா அந்தப் படத்தை வெட்டி முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். "பார் பாப்பா, இவ்வளவு பணம் வெச்சுக்கிட்டுத் தட்டைக் கழுவறாரு. இந்த மாதிரி ஒரு ஆளு அரசியலுக்கு வந்தா நாடு எங்கியோ போயிரும்" என்பார். டீக்கடையிலும் அதே பேச்சு, பஸ்ஸிலும் அதே பேச்சு. 'இவருக்கு எதற்குத் திருடவேண்டும், இவரிடம் இல்லாததா' என்று தமிழில், கன்னடத்தில், உருதுவில் எல்லாம் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே வந்துவிட்டார். சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார் என்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் மைக்கில் அறிவித்தார்கள். நாங்கள் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். ஏதோ எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டோம்.

மறுநாள் சூப்பர்வைசர் மேடம் வந்து கன்னடத்தில் கேட்டார்: "யாரிகெ தமிழ் சென்னாகி பருத்தே?" யாருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று. தொகுதியில் தமிழர் தெருக்கள் நிறைய. எங்கள் முதலாளியான பெரிய சாருக்குத் தமிழ் தெரியாதாம். மேடையில் அவர் கன்னடத்தில் பேசப் பேச யாராவது தமிழில் சொல்லவேண்டும். மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பக்கத்தில் ஒருத்தி தூக்கப் போனாள், அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கியும் விட்டேன். பொய் சொல்லுவானேன், அவ்வளவு ஆசை.

இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஏழு வயதிலிருந்து இதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! எங்கள் சொந்த ஊர் தமிழே பேசுகிற எல்லையோரத்து ராமாபுரம். அம்மா சித்தாள் வேலைக்காக மைசூருக்கு வந்தவள். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கன்னடம் புரியும், பேச வராது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நான்தான் நடுவில். ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தாய்' என்று கன்னடத்தில் கத்துவார். நான் அம்மாவிடம் "சீக்கிரம் சரியாயிடுமாம்மா" என்பேன். அம்மா தமிழில் திருப்பித் திட்டுவாள். நான் நர்ஸிடம் "தும்ப தேங்க்ஸ் அந்தாரெ" என்பேன், ரொம்ப நன்றி சொல்கிறார் என்று. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான். இந்தப் பக்கத்துக் கசப்பை அந்தப் பக்கம் கொடுக்கும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்போம். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படியே வந்துவிட்டது. இல்லாவிட்டால் எங்கள் அம்மாக்கள் பாதி ஊரோடு சண்டை போட்டிருப்பார்கள்.

முதல் கூட்டமே எங்கள் தெருவில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய ஏரிக்கரையை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. எல்லாம் கட்டட வேலைக் குடும்பங்கள். ஊருக்கெல்லாம் மாடிமேல் மாடி எழுப்பியவர்கள் மண்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் குடியிருந்தோம். காரணம் ஒன்றே ஒன்று. இந்த இடம் உன்னுடையது என்று அரசாங்கம் தரும் தாள் யாரிடமும் இல்லை. அதை அங்கே ஹக்குப்பத்திரம் என்பார்கள். அது இல்லாமல் செங்கல் சுவர் எழுப்பினால் முனிசிபாலிட்டி ஆட்கள் இடிக்க வந்துவிடுவார்கள். மண்சுவரைக் கண்டுகொள்ளமாட்டார்கள்.

அன்று அவரை வேட்டியில் முதல் முறையாகப் பார்த்தேன். எப்போதும் பேன்ட் சட்டையில் வருகிறவர். அரசியலுக்கு வந்ததும் வெள்ளை வேட்டி. அது அவர் இடுப்பில் நிற்க மறுத்தது. பேச்சுக்கு நடுவில் ஓரமாகப் பிடித்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். அதையும் ரசித்தோம். பாவம், பழக்கமில்லை என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அவர் பேசியதை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு மேஸ்திரி மாமா எழுந்தார். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பாலாறு செக்போஸ்ட் தாண்டி வந்து இந்த ஊரில் அரைவாசி வயதைக் கழித்தவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கும்பிட்டபடி கேட்டார்: "ஐயா, எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. ஹக்குப்பத்திரம் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நோடோணா. அதிகாரிகள் ஜொதெ மாத்தாடோணா." அதாவது, பார்க்கலாம், அதிகாரிகளோடு பேசிப் பார்க்கலாம். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். எதிரில் அத்தனை முகங்கள். எல்லாம் எனக்குச் சோறு போட்ட முகங்கள், என் மூக்கைத் துடைத்துவிட்ட முகங்கள். என் வாய் தானாகச் சொன்னது: "ஐயா அதிகாரிகிட்ட பேசுறேன்னு சொல்றாரு. கண்டிப்பா வாங்கிக் குடுக்கறேன்னு சொல்றாரு!"

அடேயப்பா, அந்தக் கைதட்டல்! தகரக் கூரைகள் அதிர்ந்தன. யாரோ விசில் அடித்தார்கள். மேஸ்திரி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய சார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. தொழிற்சாலையில் எனக்கு லீவு, ஆனால் சம்பளம் உண்டு. ஜீப்பில் முன் சீட்டு. மல்லிகைப்பூ, கூலிங்கிளாஸ், கையில் மைக். ஒரு தமிழ்த் தெரு பாக்கியில்லை. அவர் 'நோடோணா' என்றால் நான் 'கண்டிப்பா' என்பேன். அவர் முயற்சி செய்யலாம் என்றால் நான் 'ஆறே மாசத்துல' என்பேன். சாக்கடைக்குக் கண்டிப்பா, தெருவிளக்குக்குக் கண்டிப்பா, ஸ்கூலுக்குத் தமிழ் டீச்சரா, ஏன் கூடாது, அதற்கும் கண்டிப்பா. எல்லாவற்றையும் அவர் செய்துவிடுவார் என்றுதான் நிஜமாகவே நம்பினேன். தட்டைக் கழுவுகிற மனிதர் இதைச் செய்யமாட்டாரா? அவருக்கு வாயைத் திறந்து சொல்லக் கூச்சம், அதை நான் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு. பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்து "கண்டிப்பா அக்கா! கண்டிப்பா அக்கா!" என்று கத்துவார்கள். நான் கையை ஆட்டுவேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற மவ பேசுனா கல்லும் ஓட்டுப் போடுமுங்" என்று வேலைத்தளத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஓட்டுப் பதிவுக்கு நாலு நாள் முன்பு வீட்டு வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கினேன். ஒரே புழுதி. பக்கத்து வீட்டில் மேஸ்திரி மாமா கடப்பாரையால் தன் வீட்டு முன்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"செவுத்த எடுக்கறன் பாப்பா. நீதான் ஆறு மாசத்துல பத்திரம் வந்துரும்னு மைக்குல சொன்னியே. செங்கல் வெச்சுப் பெரிய செவுரா எழுப்பிரலாம். மழைக்கு முன்னால முடிச்சுப்போடோணும்."

"இன்னும் ஓட்டே போடலியே மாமா!"

"போட்டா ஜெயிக்கப் போறாரு. வாக்குக் குடுத்தாச்சு. அப்பறம் என்ன?"

உள்ளே அவர் மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தை பாயில் கிடந்தது. முன்சுவர் பாதி போய்விட்டதால் அடுப்பு, பாய், முருகன் படம், பேப்பர் படம் எல்லாம் தெருவிலிருந்தே தெரிந்தது. எதிர் வீட்டுக்காரர் ஒரு கயிறோடு வந்து தன் வாசலையும் அளக்க ஆரம்பித்திருந்தார். பத்திரம் வராமல் செங்கல் சுவர் எழும்பினால் இவர்கள் வீட்டைத்தான் முதலில் இடிப்பார்கள்.

வீட்டுக்குள் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவரு கண்டிப்பான்னு சொல்லவே இல்லம்மா. பார்க்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் சேத்துச் சொன்னேன்."

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "எந்தத் தெருவுல?"

"எல்லாத் தெருவுலயும்."

"அட கெரகமே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நல்ல அறை விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வெடிஞ்சதும் அவருகிட்டயே போ அம்மிணி. செவுத்த இடிச்சுப்போட்டாங்கன்னு சொல்லு. கண்டிப்பான்னு அவரு வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துரு. அப்பறம் நீ சொன்னது பொய்யாகாது."

இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வார்த்தைதானே! அவரா தரமாட்டார்?

தேர்தல் ஆபீஸ் அக்ரஹாரத்தில் ஒரு பழைய மாடிவீட்டில் இருந்தது. கீழே போஸ்டர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆட்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தெரியாதவர்கள் யார் அங்கே? மேலே போகச் சொன்னார்கள். அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்ணா... அதெல்லாம் ஒண்ணும் கவலையில்லீங்ணா. இங்க நல்லாப் போயிட்டு இருக்குதுங்ணா. ஊருல மழை எப்படீங்ணா?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தமிழ். அதுவும் தப்புத் தப்பான தமிழ் இல்லை, என் அம்மா பேசுகிற மாதிரியான தமிழ். ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, நம் ஆளா இவர் என்று. அடுத்த நொடி உடம்பெல்லாம் எரிந்தது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார், என்னம்மா என்று.

"சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

சிரித்தார். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "உக்காரும்மா. அஞ்சு வருசம் கோயமுத்தூருல படிச்சவனுக்குத் தமிழ் தெரியாமப் போகுமா?"

"அப்ப மேடையில நான் எதுக்கு சார்?"

"இந்த ஊருல தமிழ்ல ஓட்டுக் கேட்டா மத்த ஓட்டு என்னாகும்? காவேரி கலாட்டா நடந்து எத்தனை வருசமாச்சு? உனக்குத் தெரியாததா?"

அது எனக்குத் தெரியும். கலாட்டா சமயத்தில் நாங்களே பஸ்ஸில் தமிழ் பேசாமல் வாயை மூடிக்கொண்டு போனவர்கள்தான். அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் வந்தது வேறு விஷயத்துக்கு. ஆரம்பித்தேன். "சார், நீங்க சொன்னதுக்கு மேல நான் கொஞ்சம் சேத்து..."

"தெரியும்மா. மொத நாளே கேட்டேனே. நல்லாப் பேசற. கைதட்டல் எங்க வரும்னு உனக்குத் தெரியுது."

மொத நாளே கேட்டேனே! அந்தச் சிரிப்பு அதற்குத்தானா!

"அப்ப ஹக்குப்பத்திரம் வாங்கிக் குடுத்துருவீங்களா சார்? கண்டிப்பா?"

"பார்க்கலாம்மா."

"பக்கத்து வீட்டு மேஸ்திரி செவுத்தையே இடிச்சுட்டாரு சார். சின்னக் கொழந்தை இருக்கு."

"நான் இடிக்கச் சொல்லலியே." ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். குரல் ரொம்ப அன்பாக இருந்தது. "இங்க பாரும்மா. நான் சொன்னா நாளைக்கு என் சட்டையப் புடிப்பாங்க. உன் சட்டைய யாரு புடிக்கப் போறாங்க? நீ பயப்படாத. எலெக்சன் முடிஞ்சதும் உன்னைப் புகையில இருந்து எடுத்து ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்றேன்."

"நெசமாவா சார்?"

"கண்டிப்பா" என்றார்.

அந்த வார்த்தை அவருக்குச் சொல்லவே வராது என்று நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் வந்துவிட்டது! காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அக்ரஹாரத்துத் தெருவில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே விடுவிடுவென்று நடந்தேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. என் சட்டையை யார் பிடிப்பார்கள்? தினமும் குடத்தோடு நான் நிற்கிற தண்ணீர் வரிசையில், அத்தனை பேரும் பிடிப்பார்கள். அவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். தட்டைக் கழுவுகிறாராம் தட்டை!

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிக் கூட்டம். மறுபடியும் எங்கள் தெருவில். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போகாவிட்டால் வேறு யாராவது 'கண்டிப்பா' சொல்லிவிடுவார்கள். முகத்தைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டு மேடை ஏறினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவர் பேசினார். சாக்கடை விஷயம், நோடோணா.

"சாக்கடையப் பத்திப் பார்க்கலாம்னு சொல்றாரு" என்றேன்.

கைதட்டத் தயாராகத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. தெருவிளக்கு, முயற்சி செய்யலாம். "முயற்சி செய்யலாம்னு சொல்றாரு." பள்ளிக்கூடம், யோசிக்கலாம். "யோசிக்கலாமாம்." பெரிய சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அதுவரைக்கும் அவ்வளவு சுத்தமாக நான் மொழிபெயர்த்ததே இல்லை. ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. மேஸ்திரி மாமா எழுந்துவிட்டார்.

"பாப்பா, ஹக்குப்பத்திரம் கண்டிப்பான்னாரே, அதக் கேளு!"

கேட்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, மெதுவாக, "நோடோணா" என்றார்.

"பார்க்கலாம்னு சொல்றாரு மாமா."

"அன்னைக்குக் கண்டிப்பான்னு சொன்னது?"

மைக் என் கையில் வழுக்கியது. "அது நான் சொன்னது. ஐயா ஒரு நாளும் கண்டிப்பான்னு சொல்லல. எல்லாத் தெருவுலயும் நான்தான் சேத்துச் சொன்னேன். நான் சேத்துச் சொல்றது அவருக்கும் தெரியும். அவருக்குத் தமிழ் நல்லாத் தெரியும். இனிமே என்னைக் கேக்காதீங்க, அவரையே தமிழ்ல கேளுங்க!"

மேடையில் ஒரே குழப்பம். அவர் ஆள் ஒருவர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, இந்தப் பெண் பொய் சொல்கிறாள், எதிர்க்கட்சியிடம் காசு வாங்கிவிட்டாள், சாருக்குத் தமிழில் ஒரு அட்சரம் தெரியாது என்று கன்னடத்தில் கத்தினார். பெரிய சார் ஒன்றும் புரியாதவர் மாதிரிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். என்ன அழகாக நின்றார் தெரியுமா! கூட்டம் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. யாரை நம்புவது என்று அதற்குத் தெரியவில்லை.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல். சித்தாள் குரல், கீழே நின்று மூன்றாவது மாடிக்குக் கூப்பிடுகிற குரல். என் அம்மா.

"ஏனுங் ஐயா! வேட்டி அவுந்துருச்சுங்!"

அவருடைய இரண்டு கையும் பட்டென்று இடுப்புக்குப் போயின.

மேடையில் இருந்த மற்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. அந்த அம்மா என்ன கத்துகிறாள் என்று விழித்துக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி, குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவ்வளவுதான், தெரு வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அவர் ஜீப்பில் ஏறிப் போகும்வரை "வேட்டீங்! வேட்டீங்!" என்ற கூச்சல் ஓயவில்லை.

மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் எனக்கு முன்பே கதை வந்துவிட்டிருந்தது. கன்னடக்காரத் தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திடீரென்று ஒருத்தி சிரிப்பை நிறுத்தினாள். எங்கள் பக்கம் கோவில் பூசாரிதான் எல்லாவற்றுக்கும் உறுதி சொன்னார், சார் 'நோடோணா'தான் சொன்னார் என்றாள். இன்னொருத்தி, எங்கள் ஏரியாவில் கருடி மாஸ்டர் என்றாள், பையன்களுக்குக் குஸ்தி கற்றுத் தருகிறவர். மூன்றாமவள் வீட்டுப் பக்கம் ஒரு ரிட்டையர்டு டீச்சர். சாப்பாடு ஆறிப்போனது. யோசித்துப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெரு நம்புகிற ஒரு வாய். அவர் எங்குமே ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேன்டீனில் அவர் பெயரைச் சொல்லி யாரும் சிரிக்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நானும் திட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

தோற்றார். நன்றாகத் தோற்றார். ரிசல்ட் வந்த அன்று தெருவில் பட்டாசு வெடித்தது, அம்மாவுக்கு யாரோ மாலையே போட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் பேன்ட் சட்டைக்கு மாறிக் கம்பெனியைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலை கேட்டில் கார்டு மாட்டும் பலகையில் என் கார்டு இருக்கவில்லை. செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பி வரும்போதுகூட எனக்கு ஒரு தெம்பு இருந்தது. வேலை போனால் போகட்டும், ஊருக்கு உண்மையைச் சொன்னேனே!

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி மாமா வீட்டு முன்பக்கம் சுவர் இல்லை. செங்கல் வைக்கத் தைரியமில்லை. மனைவியின் சேலைகளையும் சிமென்ட் சாக்குகளையும் கோத்துக் கட்டியிருந்தார்கள். எல்லாம் நனைந்து தொங்கியது. குழந்தைக்கு இருமல். வேட்டிக் கதையைச் சொல்லித் தெரு முழுக்கச் சிரித்த அந்த நாட்களில் மாமா மட்டும் என்னிடம் பேசவில்லை. கவலையில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. அவர் பழைய மண்ணையே குழைத்து மறுபடி மண்சுவர் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சட்டியை எடுத்தேன். நான் மண் சுமந்தேன், அவர் வைத்தார். இடுப்பு உயரத்துக்குச் சுவர் வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி நம்மள ஏமாத்திட்டாரு பாத்தீங்களா மாமா, அந்த ஆளு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் தேவலாம்.

"அவரு சொல்லியிருந்தா இடிச்சிருக்கமாட்டன் பாப்பா. எலெக்சனுக்கு வர்றவங்க எல்லாரும்தான் சொல்றாங்க, எத்தனை பேரைப் பாத்துட்டேன். நீ சொன்ன. அதனால இடிச்சன்."